மட்டக்களப்பு வாவிக்கரையில் பேறுகாலமும் கணவரும்

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் கர்ப்பிணி மனைவியின் பராமரிப்பில் கணவருக்குள்ள பங்கு, அங்குள்ள வீட்டுரிமை வழக்கத்தோடு பிணைந்தது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கே வந்து குடியிருப்பதும் தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் நிலைத்த வழக்கம். தாய்வழிக் குடிமுறையோடு சேர்ந்த இவ்வழக்கத்தை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆகவே முதற்பிள்ளைப் பேற்றுக்கென்று தாய்வீடு போகவேண்டிய தேவை இங்கே பலருக்கு இல்லை. தாயும் சகோதரிகளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பெண்ணுக்கு அது பெரும் பலம். ஆனால் பத்தியமும் கைமருந்தும் பெண்கள் பொறுப்பில் இருப்பதால், காசு கொடுப்பதோடும் ஆட்டோ பிடிப்பதோடும் மாப்பிள்ளை ஒதுங்கிக்கொள்வதும் எளிதாகிவிடுகிறது. அது போதாது.

ஊரில் ‘மிட்வைஃப்’ எனப்படும் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியை வீட்டுக்கே வந்து பார்ப்பார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த சேவை இது. அவர் வரும் வேளையில் கணவரும் உடனிருந்து கேட்டறிய வேண்டியவை சில உண்டு: கடுந்தலைவலி, பார்வை மங்கல், இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றில் எது கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வதும், கர்ப்பிணிக்கென்று கிடைக்கும் திரிபோஷா சத்துமா வீட்டிலுள்ள எல்லாருக்கும் பங்குபோகாமல் காப்பதும் கணவர் செய்யக்கூடியவை.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதன் மேற்கே படுவான்கரை. அங்கிருந்து நகரின் போதனா வைத்தியசாலைக்கு வர நீரைக் கடக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் ‘பாதை’ எனப்படும் படகையே நம்பியிருந்தார்கள். நள்ளிரவில் வலி கண்டால் எந்த வாகனம், யார் துணை, இரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்கும் கணவர் செய்வது உயிர்காக்கும் வேலை.

ஆண்களின் ஈடுபாட்டை ஊக்குவிக்க உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தபோது ஒரு நிபந்தனையும் வைத்தது: பெண்ணின் விருப்பமும் முடிவெடுக்கும் உரிமையும் மதிக்கப்பட வேண்டும். வீடே மனைவியுடையதாயிருக்கும் வாவிக்கரையில் இதற்கு நல்ல அடித்தளம் உண்டு. நேரந்தான் தடை. இலங்கை அரச ஊழியருக்குத் தந்தைமை விடுமுறை 3 நாள். வாவியில் வலை வீசுபவருக்கும் வயலில் நாட்கூலிக்கு நிற்பவருக்கும் கிளினிக் நாள் என்பது சம்பளமில்லாத நாள்.