கவிதைக் குறும்படம்: சொல் விட்ட இடத்தில் காட்சி

கவிதையைப் படித்தும் கேட்டும் பழகியவர்கள் நாம். தமிழ்ப்பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறோம், கவியரங்கில் கைதட்டியிருக்கிறோம், ஞாயிறு பதிப்பில் வாசித்திருக்கிறோம். அதே கவிதையைத் திரையில் பார்ப்பதற்கென்று ஒரு கலை வடிவம் உண்டு. கவிதைக் குறும்படம் என்பது அதன் பெயர். நூறாண்டுக்கும் மேலான வரலாறு அதற்கு இருக்கிறது. கையில் திறன்பேசி உள்ள எவரும் இன்று அதை முயன்று பார்க்கலாம். அது என்ன, எப்படி வளர்ந்தது, எப்படி எடுப்பது என்பதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

எது கவிதைக் குறும்படம்?

ஒரு கவிதையை மையமாக வைத்து, அதன் பொருளையோ உணர்வையோ காட்சியாலும் ஒலியாலும் விளக்கும் சிறு படம் இது. பெரும்பாலும் சில நிமிடங்களே ஓடும். கவிதை குரலாக ஒலிக்கலாம், எழுத்தாகத் திரையில் தோன்றலாம், அல்லது கவிஞரே நேராக நின்று வாசிக்கலாம். கேலிச்சித்திரப் பாணி அசைவூட்டம், நடனம், பழைய புகைப்படங்கள் என எதையும் பயன்படுத்தலாம்.

திரைப்படப் பாடலும் இதுவும் ஒன்றல்ல. திரைப்படத்தில் கதைச் சூழலுக்காகப் பாடல் எழுதப்படும்; நடிகர் வாயசைப்பார். கவிதைக் குறும்படத்தில் பெரும்பாலும் கவிதைதான் முதலில் இருக்கும். காட்சி அதைத் தேடிக்கொண்டு வரும்.

புதிதாக எடுப்பவர்கள் பலர் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கவிதையில் நிலா வந்தால் நிலாவைக் காட்டுவார்கள், கண்ணீர் வந்தால் கண்ணீரைக் காட்டுவார்கள். காது கேட்டதையே கண்ணும் பார்த்தால், இரண்டில் ஒன்று வீண். சொல் சொல்லாமல் விட்டதைக் காட்சி சொல்லும்போதுதான் படம் கவிதையோடு சேர்ந்து நடக்கும்.

நம் இலக்கணம் சொல்லும் வழி

இது தமிழுக்குப் புதிய பாடம் இல்லை. அகப்பாடல்களுக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள்களைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியவை கருப்பொருள். மனத்தில் நிகழும் உணர்வு உரிப்பொருள். தலைவி தன் துயரத்தை வாய்விட்டுச் சொல்லாமல், மலையையும் குரங்கையும் பேசிவிட்டுப் போவாள். கேட்பவர் உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்வார். இதை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணம் பேசுகிறது.

ஒளிப்பதிவாளருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது. எந்த நிலம், எந்த வேளை, அங்கே என்ன உயிர், என்ன வேலை என்று முடிவு செய்துவிட்டால் பாதிப் படம் ஆகிவிட்டது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள்தான். நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். குறும்படத்திற்கு ஏற்ற அளவு.

உலகில் வளர்ந்த கதை

மன்ஹாட்டா (அமெரிக்கா, 1921): ஓவியர் சார்ல்ஸ் ஷீலரும் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்டும் எடுத்த பத்து நிமிட ஊமைப்படம். நியூயார்க் துறைமுகம், படகிலிருந்து இறங்கும் கூட்டம், வானுயர் கட்டடங்கள், புகை ஆகியவற்றை நிதானமாகக் காட்டுகிறது. இடையிடையே வால்ட் விட்மனின் கவிதை வரிகள் எழுத்தாக வரும். விட்மன் மறைந்தது 1892இல். அவர் பார்த்திராத நகரத்தை அவருடைய வரிகளோடு கோத்ததுதான் படத்தின் சிறப்பு. கவிதை பழையது, காட்சி புதியது. இரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தைப் பார்வையாளர் தானே உணர்கிறார்.

இரவு அஞ்சல் (பிரிட்டன், 1936): லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கடிதம் கொண்டு செல்லும் ரயிலைப் பற்றி, அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவு எடுத்த படம். ஹாரி வாட், பேசில் ரைட் இயக்கினர். சுமார் 24 நிமிடங்கள் ஓடும் இதில், டபிள்யூ. எச். ஓடனின் கவிதை இறுதிச் சில நிமிடங்களில்தான் வருகிறது. இசை பெஞ்சமின் பிரிட்டன். இங்கே வழக்கம் தலைகீழ்: படத்திற்காகவே கவிதை எழுதப்பட்டது. ரயில் மேட்டில் ஏறும்போது வரிகள் மெல்ல நடக்கின்றன. இறக்கத்தில் சக்கரத்தோடு சேர்ந்து ஓடுகின்றன. படத்தோடு ஒட்டாத வரிகள் வெட்டி எறியப்பட்டன. நடித்தவர்கள் உண்மையான அஞ்சல் ஊழியர்கள். கடிதம் பிரிக்கும் பெட்டியின் உட்பகுதியைப் படப்பிடிப்புக் கூடத்தில் அமைத்து, ஓடும் ரயிலில் நிற்பதுபோல் அவர்களை அசைந்தாடச் சொன்னார்கள். அன்றாடக் கூலி வேலையும் கவிதைக்குரிய பொருள்தான் என்று காட்டிய படம் இது.

வீடு கருப்பு (ஈரான், 1962): ஈரானின் பெருங்கவிஞர்களில் ஒருவரான ஃபரூக் ஃபரோக்சாத் இயக்கிய ஒரே படம். தப்ரீஸ் நகருக்கு அருகே உள்ள தொழுநோயாளர் குடியிருப்பில் எடுக்கப்பட்டது. சுமார் 20 நிமிடங்கள் ஓடும். ஓர் ஆண் குரல், இது குணப்படுத்தக்கூடிய நோய் என்று மருத்துவச் செய்தியைச் சொல்கிறது. ஃபரூக்கின் குரல் கவிதையாகவும் வேண்டுதலாகவும் ஒலிக்கிறது. காட்சியிலோ மக்கள் தலை சீவுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், திருமணம் கொண்டாடுகிறார்கள், பள்ளியில் பாடம் படிக்கிறார்கள். இரக்கப்படுங்கள் என்று படம் எங்கும் கெஞ்சவில்லை. அவர்கள் முகத்தை நேராகப் பார்க்க வைக்கிறது. 1963இல் ஜெர்மனியின் ஓபர்ஹௌசன் விழாவில் இது பரிசு பெற்றது. அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனை ஃபரூக் தம் பிள்ளையாக வளர்க்க அழைத்துச் சென்றார். 1967இல் சாலை விபத்தில் அவர் இறந்தபோது வயது 32. சுங்கை பூலோவில் 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பை அறிந்த மலேசியர்களுக்கு, இப்படத்தின் வேலிகளும் முகங்களும் தூரத்துச் செய்தியாகத் தோன்றாது.

வின்சென்ட் (அமெரிக்கா, 1982): பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநர் டிம் பர்ட்டன் தாமே எழுதிய எதுகைக் கவிதையைப் பொம்மை அசைவூட்டமாக எடுத்த ஆறு நிமிடப் படம். குரல் கொடுத்தவர் பழம்பெரும் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ். அந்த நடிகரைப் போலவே ஆக ஆசைப்படும் ஏழு வயதுச் சிறுவனின் கற்பனைதான் பொருள். சிறுவர் பாடலும் நல்ல படமாகும் என்பதற்குச் சான்று.

இன்று இவ்வடிவத்திற்கென்றே தனி விழாக்கள் உள்ளன. பெர்லினில் 2002 முதல் நடைபெறும் 'சீப்ரா' கவிதைப் பட விழா அவற்றில் பெயர் பெற்றது.

நாமே எடுக்க விரும்பினால்

முதலில் சிறிய கவிதையாகத் தேர்ந்தெடுங்கள். இருபது வரி போதும். நிதானமாக வாசித்தால் ஏறத்தாழ இரண்டு நிமிடம் வரும்.

படம் பிடிப்பதற்கு முன் குரலைப் பதிவு செய்யுங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டு, மெத்தையும் துணிகளும் உள்ள அறையில் பதிந்தால் எதிரொலி குறையும். மேடைக் கவியரங்கக் குரல் திரைக்கு அதிகம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் வாசித்தால் போதும்.

அடுத்து, கவிதையின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே 'இது சொல்லாதது என்ன?' என்று எழுதிப் பாருங்கள். விடியுமுன் பால்மரம் சீவப் போன அம்மாவைப் பற்றிய கவிதை என்று வைத்துக்கொள்வோம். தலைவிளக்குடன் நடக்கும் பெண்ணை எல்லோரும் காட்டுவார்கள். மூடி வைத்த தட்டு, பாதி எரிந்த கொசுவர்த்தி, பிள்ளை எழுந்து வந்து தொட்டுப் பார்க்கும் காலிப் பாய் ஆகியவற்றைக் காட்டினால், அம்மா இல்லாத வீடு தெரியும். கவிதை அம்மாவைச் சொல்லிக்கொண்டிருக்கும். படம் பிள்ளையைச் சொல்லும்.

எல்லா நொடியையும் குரலால் நிரப்ப வேண்டாம். வரிக்கும் வரிக்கும் இடையே மழை, சேவல், தூரத்து மோட்டார் சைக்கிள் போன்ற இடத்தின் ஒலிகளுக்கு வழி விடுங்கள். திரைப்பட இசையை எடுத்து ஒட்டாதீர்கள். அந்தப் பாட்டின் நினைவு உங்கள் கவிதையை விழுங்கிவிடும். உரிமைச் சிக்கலும் வரும்.

மலாய், ஆங்கில வசன வரிகளையும் சேர்த்தால் அண்டை வீட்டாரும் பார்ப்பார்கள், அனைத்துலக விழாக்களுக்கும் அனுப்பலாம்.

அனுமதி யாரிடம்?

வாழும் கவிஞரின் படைப்பென்றால் அவரிடம் எழுத்து வழி அனுமதி பெற வேண்டும். கவிஞர் மறைந்த பின்னும் காப்புரிமை தொடரும்: மலேசியச் சட்டப்படி 50 ஆண்டுகள், சிங்கப்பூரில் 70 ஆண்டுகள். அதுவரை வாரிசுகளையோ பதிப்பாளரையோ கேட்க வேண்டும். சங்கப் பாடல்களும், 1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்களும் எல்லோருக்கும் பொது. மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால், மொழிபெயர்த்தவரின் உரிமை தனி என்பதை மறக்க வேண்டாம்.

இப்போதே ஏன்?

தோட்ட வாழ்வைப் பாடிய கவிதைகள் நம்மிடம் ஏராளம். அவை புத்தகத்தில் இருக்கும்; நூலகத்தில் தேடினால் கிடைக்கும். ஆனால் அவற்றில் வரும் இடங்கள் அப்படிக் காத்திருக்கப் போவதில்லை. லயங்கள் இடிக்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின்றன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் நெடுஞ்சாலை. பிரட்டுக்களம் எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டக்கூடியவர்களும் வயதாகி வருகிறார்கள். அக்கவிதைகளை எழுதியவர்களின் குரலும் அவர்களோடு போய்விடும்.

உங்கள் வட்டாரத்தில் ஒரு மூத்த கவிஞர் இருந்தால், அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். ஒரு கவிதையை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அவர் பாடிய இடம் இன்னும் நின்றால், அதையும் படம் பிடித்துவிடுங்கள். இடம் போய்விட்டிருந்தால், இப்போது அங்கே நிற்பதைப் படம் பிடித்து அவர் குரலைச் சேருங்கள். அதுவும் ஒரு கவிதைக் குறும்படம்தான்.