ஒரு வெள்ளையணுவின் வரலாறு: மதனப்பள்ளி முதல் எலெக்ட்ரானிக் சிட்டி வரை

நுரையீரல் நோயின் கடுமையை இரத்த அணுக்களைக் கொண்டு அறியும் வழக்கம் தென்னிந்திய மருத்துவத்தில் வேரூன்றியதில் ஈசினோபில் என்னும் வெள்ளையணுவுக்குப் பெரும்பங்கு உண்டு. நலமுள்ள ஒருவரின் வெள்ளையணுக்களில் நூற்றுக்கு ஐந்தாறுக்கு மேற்படாத இவ்வணுவை, ஈசின் என்னும் சிவப்புச் சாயத்தை அதன் உள்ளிருக்கும் நுண்மணிகள் ஈர்த்துக்கொள்வதைக் கொண்டு, ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் 1879ஆம் ஆண்டில் இனங்கண்டார். ஆய்வுக்கூடத்தில் அறியப்பட்ட இவ்வணுவை, மூச்சிரைப்பால் துன்புற்ற தென்னிந்திய நோயாளிகளோடு முதலில் இணைத்துக் காட்டிய இடங்களுள் ஒன்று, பெங்களூருக்கு வடகிழக்கே, அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியாகும்.

மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னுமிடத்தில், கிறித்தவ மிஷன் சபைகள் பல ஒன்றுகூடி 1915ஆம் ஆண்டில் காசநோய்க்கான சானடோரியம் ஒன்றைத் திறந்தன. அதன் தலைமை மருத்துவராயிருந்த டென்மார்க் நாட்டவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோல்லர், தம் உடன்பணியாளர் பார்ட்டனோடு சேர்ந்து 1940ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், காசநோயாளிகள் என்று கருதி அனுப்பப்பட்ட சிலருக்கு எக்ஸ்ரே படத்தில் இரு நுரையீரல்களிலும் புள்ளிகள் தெரிந்தபோதிலும், சளியில் காசநோய்க் கிருமி அகப்படவில்லை என்பதையும், அவர்களுடைய இரத்தத்தில் ஈசினோபில்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன என்பதையும் பதிவுசெய்தார். காசநோய் என்ற பெயருக்கு வீடும் வேலையும் அஞ்சி விலகிய அக்காலத்தில், ஒரு துளி இரத்தம் அப்பெயரிலிருந்து ஒருவரை விடுவிக்க முடிந்தது என்பது சிறிய செய்தியன்று.

வைங்கார்ட்டன் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் இத்தகைய நோயாளிகள் 81 பேரைப் பற்றி எழுதி, இந்நோய்க்கு வெப்பமண்டல ஈசினோபீலியா என்று பெயரிட்டார். மேகநோய்க்காகக் கொடுத்த ஆர்சனிக் மருந்து ஒருவருடைய மூச்சிரைப்பையும் தணித்ததை அவர் தற்செயலாகக் கண்டமையால், சில ஆண்டுகள் ஆர்சனிக்கே இதற்குரிய மருந்தாக வழங்கிற்று. பின்னர், யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசின், அதாவது ஹெட்ரசான் என்று மருந்துக்கடைகளில் அறியப்பட்ட மாத்திரை, இந்நோயையும் தணிக்கிறது என்று 1955ஆம் ஆண்டில் இந்தியாவிலும், 1958ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பணியாற்றிய டி.ஜே. தனராஜ் அவர்களாலும் எடுத்துக்காட்டப்பட்டது. யானைக்கால் மருந்துக்குக் கட்டுப்படும் நோயின் காரணமும் யானைக்கால் புழுவாகவே இருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு, 1960ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் சான்று அளித்தனர். இரத்த ஓட்டத்தில் தென்படாத மைக்ரோபைலேரியா என்னும் புழுக்குஞ்சுகள், நோயாளிகளின் நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் அகப்பட்டு, ஈசினோபில்களால் சூழப்பட்டிருந்ததை அவர்கள் திசுத்துண்டுகளில் கண்டனர்.

இக்கண்டுபிடிப்புகள் அனைத்தும் கையால் எண்ணிய கணக்குகளின் மேல் எழுந்தவை. விரல் நுனியிலிருந்து எடுத்த இரத்தத்தை நுண்குழாயில் உறிஞ்சி, ஈசினும் அசிட்டோனும் வாலைவடிநீரும் கலந்த டங்கர் திரவத்தில் கரைத்தால், நீர் பிற அணுக்களை உடைத்துவிட, அசிட்டோன் காத்து நிற்கும் ஈசினோபில்கள் மட்டும் செந்நிறம் ஏறித் தனித்துத் தெரியும். கட்டங்கள் பொறித்த கண்ணாடி அறையில் அக்கரைசலை நிரப்பி, மைக்ராஸ்கோப்பின் கீழ் கட்டம் கட்டமாக எண்ணி, ஒரு கன மில்லிமீட்டருக்கு இத்தனை என்று ஆய்வுக்கூடப் பணியாளர் எழுதித் தருவார். நலமுள்ளவரிடம் பெரும்பாலும் 500க்குள் அடங்கும் இவ்வெண், வெப்பமண்டல ஈசினோபீலியாவில் 3,000ஐத் தாண்டுவதே நோயின் அடையாளமாக ஏற்கப்பட்டது.

1980களில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர்கள், அமெரிக்க ஆய்வாளர்களோடு இணைந்து, நுரையீரலின் உட்புறத்தை உப்புநீரால் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தபோது, நோய் தீவிரமாயிருந்தவர்களிடம் அதிலிருந்த அணுக்களில் பாதியளவுக்கு ஈசினோபில்களாகவே இருந்தன. மருந்து கொடுத்தபின் அவை விரைவாகக் குறைந்தாலும், சிலரிடம் மெல்லிய அழற்சி நீடித்ததையும் அவர்கள் கண்டனர். இதற்குள் தமிழ்நாட்டு வீடுகளில் 'ஈஸ்னோபீலியா' என்பது நாள்பட்ட இருமல், இளைப்பு எதற்கும் வழங்கும் பெயராகிவிட்டது. புகையால் நுரையீரல் கெட்டவர்களும் இப்பெயரின் கீழ் மாத்திரை உண்டு, உரிய சிகிச்சையைக் காலந்தாழ்த்திப் பெற்ற கேடும் அதனோடு வந்தது.

புகையிலைப் புகையாலும் விறகடுப்புப் புகையாலும் மூச்சுக்குழல்கள் நிரந்தரமாகச் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், அதாவது சி.ஓ.பி.டி.யில், இதே அணு வேறொரு பாடம் கற்பித்தது. இந்நோய் திடீரெனக் கடுமையாகும்போது, பாக்டீரியாத் தொற்று காரணமானால், கிருமிகளை விழுங்கும் நியூட்ரோபில் அணுக்கள் பெருகுகின்றன. உடல் பெருந்துன்பத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஈசினோபில்களை இரத்தத்திலிருந்து அகற்றிவிடுகிறது. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டில் வெளியான டீகாஃப் மதிப்பீடு, ஈசினோபில் எண்ணிக்கை 50க்குக் கீழ் இறங்குவதை இறப்பு அபாயத்தின் ஐந்து அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதே ஆண்டில் லெஸ்டரில் நடந்த ஆய்வு, வெள்ளையணுக்களில் ஈசினோபில்கள் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்பட்டவர்களுக்கே ஸ்டீராய்டு மாத்திரை பயன்தருகிறது என்றும், குறைந்தவர்களுக்கு அதைத் தவிர்க்கலாம் என்றும் சுட்டியது. மதனப்பள்ளியில் மிகுதியால் நோயைக் காட்டிய அணு, இங்கே தன் குறைவால் அபாயத்தை அறிவிக்கிறது.

இவ்விரு பாடங்களும் ஒருங்கே தேவைப்படும் இடங்களுள் ஒன்று பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி. 1970களின் பிற்பகுதியில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் 332 ஏக்கர் நிலத்தில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இத்தொழிற்பகுதியை அமைத்தது. இன்று அதையும் அதை அடுத்த பொம்மசந்திராவையும் சூழ்ந்த ஓசூர் சாலையில் பெரிய மருத்துவமனைகள் நிற்கின்றன; இத்தகைய மருத்துவமனைகளில் தானியங்கிக் கருவிகள் வெள்ளையணுக்களை ஐவகையாகப் பிரித்து ஓரிரு நிமிடங்களில் எண்ணித் தருகின்றன. அக்கருவி தரும் ஈசினோபில் எண்ணுக்குப் பொருள் காண, நோயாளி எவ்வூரிலிருந்து வந்தவர் என்பது தெரிந்தாக வேண்டும். ஏனெனில் யானைக்கால் நோய் இன்னும் ஒழியாத பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து இத்தொழிற்பகுதிக்கு வேலை தேடி வந்தோர் பலர். குடற்புழுக்களும் இவ்வெண்ணை உயர்த்தக்கூடிய நாட்டில், ஐரோப்பிய நோயாளிகளைக் கொண்டு வகுத்த வரம்புகளை அப்படியே ஏற்பது ஸ்டீராய்டு தேவையற்றவருக்கு அதைக் கொடுக்கும் தவறுக்கு இடமளிக்கும். அணுவை எண்ணும் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டபின், நோயாளியின் சொந்த ஊரையும், அவர் சுவாசித்த புகையையும், முன்னர் உண்ட மருந்தையும் கேட்டறியும் பொறுப்பு மருத்துவரிடமே உள்ளது. ஆரோக்கியவரத்து மருத்துவர்கள் எக்ஸ்ரே படத்தோடு நிறுத்தாமல் சளியையும் இரத்தத்தையும் சேர்த்துச் சோதித்தமையால்தான் புதிய நோயொன்று தெரியவந்தது என்பதே அப்பொறுப்புக்கு வரலாறு தரும் தக்க காரணம்.