சூப்பராக்சைடு டிசுமியூட்டேசு: காவல் நொதி பழுதான வரலாறு

சூப்பராக்சைடு டிசுமியூட்டேசு என்பது, உயிரணுக்கள் ஆக்சிசனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் சூப்பராக்சைடு என்னும் தீங்கான தனி உறுப்பை அகற்றும் நொதி ஆகும். 1938-இல் இங்கிலாந்தில் மான், கெய்லின் ஆகியோர் மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு கலந்த நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதன் பணி என்னவென்று முப்பது ஆண்டுகளாகத் தெரியவில்லை. 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும், அது சூப்பராக்சைடை ஆக்சிசனாகவும் ஐதரசன் பெராக்சைடாகவும் மாற்றும் நொதி எனக் காட்டினர்.

தான் உண்டாக்கும் ஐதரசன் பெராக்சைடே மிகுந்தால் இந்நொதி செயலிழக்கும் என்பதை 1975-இல் ஃபிரிடோவிச்சும் ஹாட்ஜ்சனும் வெளியிட்டனர். ஆக்சிசனேற்ற அழுத்தம் காவல் நொதியையும் தாக்கும் என்பது இதனால் புலனாயிற்று.

மனித நோயில் இதற்கான சான்று 1996-இல் கிடைத்தது. மெக்மில்லன்-குரோ குழுவினர், நோயாளிகளின் உடல் நாளடைவில் ஏற்க மறுத்த மாற்றுச் சிறுநீரகங்களை ஆராய்ந்தனர். அழற்சியின்போது சூப்பராக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் இணைந்து பெராக்சிநைட்ரைட்டு உருவாகிறது. இது மைட்டோகாண்டிரியாவில் உள்ள மாங்கனீசு வகை நொதியின் டைரோசின் அமினோ அமிலத்தில் நைட்ரோ தொகுதியைச் சேர்க்கிறது. அச்சிறுநீரகங்களில் நொதியின் அளவு கூடியிருந்தது, செயல்திறனோ குறைந்திருந்தது.

நொதி முடங்கினால் சூப்பராக்சைடு பெருகும். அதனால் பெராக்சிநைட்ரைட்டும் பெருகி, எஞ்சிய நொதியையும் முடக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். ஆகவே நோயுற்ற திசுவில் நொதி எவ்வளவு உள்ளது என்று அளந்தால் மட்டும் போதாது. அது வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.