தொண்டை வலி: வீட்டில் எதுவரை பார்க்கலாம்?

கல்வராயன் மலையில் பனி இறங்கும் நாட்களில் கள்ளக்குறிச்சி வீடுகளிலும் யாருக்காவது தொண்டை கட்டிக்கொள்ளும். பெரும்பாலும் இது வைரஸால் வருவது. ஒரு வாரத்தில் தானே அடங்கும். அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை உதவாது. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்குவதை விட்டுவிடுவோம்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, தினம் மூன்று நான்கு முறை கொப்பளித்துத் துப்பினால் இதமாக இருக்கும். நோன்பாளிகள் இதை நோன்பு திறந்த பிறகும் சஹர் நேரத்திலும் செய்துகொள்ளலாம்.

மலைத்தேன் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் இரவு இருமல் தணியும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மில் பல வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சிளம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே முடக்கலாம்.

பள்ளி செல்லும் பிள்ளைக்கு இருமல், சளி இல்லாமல் காய்ச்சலோடு தொண்டை வலித்து, டான்சிலில் வெள்ளை படிந்து, கழுத்தில் நெறி கட்டினால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும். 9 நாட்களுக்குள் மருத்துவர் சொல்லும் மருந்தைத் தொடங்கினால் தடுத்துவிடலாம். மூச்சுத் திணறினாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.