கைத்தீயணைப்பான் ஆய்வு

கைத்தீயணைப்பான் ஆய்வு என்பது, சுவரில் மாட்டிய தீயணைப்பு உருளை வேண்டிய நேரத்தில் வேலை செய்யுமா என்று குறிப்பிட்ட இடைவெளிகளில் சரிபார்ப்பது. இந்தியாவில் இதற்கு வழிகாட்டுவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2190 செயல்முறை விதித்தொகுப்பு. உருளைகளின் கட்டமைப்பையும் செயல்திறனையும் ஐஎஸ் 15683 வரையறுக்கிறது.

திண்டுக்கல்–பழனி சாலையிலுள்ள ரெட்டியார்சத்திரம் போன்ற ஊர்களில் கடை, பள்ளி, பெட்ரோல் பங்க் எங்கும் பெரும்பாலும் காணப்படுவது ஏபிசி பவுடர் உருளை. மோனோ அம்மோனியம் பாஸ்பேட் தூளை நைட்ரஜன் அழுத்தம் வெளியே தள்ளும். மாதாந்திர ஆய்வை நிறுவனத்தின் ஊழியரே செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆண்டுக்கொரு முறை வரும் சர்வீஸ்காரர் அதற்கு மாற்றல்ல. கேஜ் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, பின்னும் சீலும் அறுபடாமல் உள்ளனவா, குழாயில் வெடிப்போ நுனியில் குளவிக்கூடோ இருக்கிறதா, அடிப்பகுதி துருப்பிடித்துள்ளதா என்று பார்க்க ஒரு சில நிமிடம் போதும். ஆனால் முள் பச்சையில் நிற்பது அழுத்தத்துக்கு மட்டுமே சாட்சி. உள்ளே தூள் கட்டிப்போயிருந்தால் முள் அதைக் காட்டாது. அதனால்தான் உருளையைக் கழற்றிக் கவிழ்த்துத் தூள் அசைகிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டு.

கார்பன் டை ஆக்சைடு உருளையில் கேஜே கிடையாது. எடை போட்டுத்தான் அறிய வேண்டும். வாயுவின் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்ப வேண்டும். நீர், நுரை, பவுடர் உருளைகளுக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறையும் கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறையும் நீரழுத்தச் சோதனை நடத்துவது இந்திய வழக்கம். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 10 தரமும் மாதப் பார்வை, ஆண்டுப் பராமரிப்பு என்ற இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

உருளை இருக்கும் இடமும் ஆய்வில் அடங்கும். தீப்பிடிக்கக்கூடிய எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டருக்குள் ஓர் உருளை எட்ட வேண்டும். முன்னால் மூட்டையோ அட்டைப்பெட்டியோ அடுக்கியிருந்தால் உருளை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பஞ்சுப் பொதியில் பவுடர் மேல் சுவாலையை அடக்கினாலும் உள்ளே கனல் புகைந்துகொண்டே இருக்கும். அங்கே நீர் உருளையும் பக்கத்தில் இருக்கிறதா என்பதே முக்கியக் கேள்வி.

2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அதையடுத்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பள்ளிகள் 6 மாதத்துக்குள் தீயணைப்புக் கருவிகளைப் பொருத்தவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கருவியை வாங்கி மாட்டினால் உத்தரவின் அந்தப் பகுதி நிறைவேறியதாகிவிடும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இயங்குமா என்பது மாதந்தோறும் பார்ப்பவரின் கையில்தான் உள்ளது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் 6 பேர் இறந்தது இந்த அக்கறையின் அவசியத்தை நினைவூட்டுகிறது.

ஒரு நொடி அழுத்திப் பார்த்த உருளையையும் பயன்படுத்தியதாகவே கருத வேண்டும்: வால்வில் சிக்கும் தூள் அழுத்தத்தை மெல்லக் கசியவிடும். அதை ரீஃபிலுக்கு அனுப்பும் நாளிலேயே அதே கொக்கியில் மாற்று உருளையை மாட்டி, ஆய்வு அட்டையில் தேதியும் கையொப்பமும் இட வேண்டும்.