டுப்ரோவ்னிக்: மதிலை மட்டும் நம்பாத ஊர்



நான் பணியில் இருந்த காலம். ஏழாம் வகுப்பில் கோட்டைகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவன் எழுந்து, "சார், மதில் பெரிசா இருந்தா ஊரை யாரும் பிடிக்க முடியாதுல்ல?" என்று கேட்டான். "ஆமாம், உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அது அரைகுறைப் பதில் என்பது, ஓய்வு பெற்றபின் டுப்ரோவ்னிக் நகரின் வரலாற்றைப் படித்தபோதுதான் புரிந்தது.

வரைபடத்தில் இத்தாலிக்குக் கிழக்கே அட்ரியாட்டிக் கடலைப் பாருங்கள். அதன் எதிர்க்கரையில் ஸாடர், ஷிபெனிக், ட்ரோகிர், கோட்டார் என்று மதில் சூழ்ந்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. 1420 வாக்கில் இவை எல்லாம் வெனிஸ் ஆட்சிக்குள் போய்விட்டன. 1797 வரை மீளவில்லை. டுப்ரோவ்னிக் மட்டும் தப்பியது. இன்று குரோஷியாவில் இருக்கும் இந்த ஊருக்கு அன்று ரகூசா என்று பெயர். 1205 முதல் வெனிஸுக்கு அடங்கியிருந்த இவ்வூர், 1358இல் அதிலிருந்து விடுபட்டது. பெயரளவுக்கு ஹங்கேரி மன்னரை ஏற்றுக்கொண்டு, தன்னைத் தானே ஆண்டுகொண்டது.

மதிலின் சுற்றளவு 1,940 மீட்டர். சில இடங்களில் உயரம் 25 மீட்டர். நிலத்தை நோக்கிய பக்கம் 4 முதல் 6 மீட்டர் வரை கனம். 1463இல் பக்கத்து நாடான பொஸ்னியா துருக்கியரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டே மின்செட்டா என்ற பெரிய வட்டக் கோபுரத்தைக் கட்டி முடித்தார்கள்.

ஆனால் மதிலை மட்டும் நம்பி அவர்கள் தூங்கிவிடவில்லை. 1481 முதல் துருக்கிய சுல்தானுக்கு ஆண்டுக்கு 12,500 தங்கக் காசு கப்பம் கட்டினார்கள். கோழைத்தனம் என்று தோன்றலாம். அவர்கள் வணிகர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். அந்தக் கப்பத்துக்கு ஈடாக சுல்தானின் நாடு முழுவதும் வணிகம் செய்யும் உரிமை கிடைத்தது.

நோயையும் எதிரியாகவே பார்த்தார்கள். கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் ஊருக்கு வெளியே தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்று 1377இல் சட்டம் போட்டார்கள். கொரோனா காலத்தில் நாம் பார்த்த தனிமைப்படுத்தலுக்கு முன்னோடி இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அவர்கள் சொந்த ஆட்சியாளரையும் முழுதாக நம்பவில்லை. ரெக்டர் என்ற தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம். அந்த மாதம் முழுவதும் அரண்மனையிலேயே தங்க வேண்டும். அரசு வேலை இல்லாமல் வெளியே வரக் கூடாது. மதிலுக்கு வெளியே பாறை மேல் லோவ்ரியேனாட்ஸ் கோட்டை இருக்கிறது. எதிரியை நோக்கிய பக்கம் அதன் சுவர் 12 மீட்டர் வரை கனம். ஊரை நோக்கிய பக்கம் வெறும் 60 சென்டிமீட்டர்! கோட்டைத் தளபதியே துரோகியாகிவிட்டால், ஊரிலிருந்து சுட்டு அந்தச் சுவரை உடைக்க வேண்டுமே!

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆட்சி பிரபுக் குடும்பங்களின் கையில்தான் இருந்தது. சாதாரண மக்களுக்கு அதில் இடமில்லை. அடிமை வணிகத்தை 1416இல் தடை செய்தார்கள் என்றால், அதற்கு முன் அது நடந்தது என்றுதானே பொருள்?

1667 ஏப்ரல் 6 அன்று பெரும் நிலநடுக்கம். மதில் பெரும்பாலும் நின்றது, ஊர் இடிந்தது. ரெக்டரும் ஆயிரக்கணக்கான மக்களும் மாண்டார்கள். அதன் பிறகும் குடியரசு பிழைத்தது. 1699இல், வெனிஸ் தரை வழியாக நெருங்காமலிருக்கத் தங்கள் எல்லையின் இரு முனைகளிலும் இருந்த நிலத்தைத் துருக்கியருக்கே விட்டுக்கொடுத்தார்கள். அதில் ஒன்றான நெயூம்தான் இன்று பொஸ்னியாவுக்கு இருக்கும் ஒரே கடற்கரை. அது குரோஷியாவை இரண்டாகப் பிரிப்பதால், 2022இல் கடல் மேல் பாலம் கட்டி இணைத்தார்கள்.

முடிவு எப்படி வந்தது? 1806இல் நெப்போலியனின் படை வாசலில் வந்து நின்றது. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர், அந்தப் பக்கம் ரஷ்யர். இருவரையும் எதிர்க்க வலுவில்லாத நிலையில், பிரெஞ்சுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். 1808 ஜனவரி 31 அன்று குடியரசு கலைக்கப்பட்டது. மதிலை யாரும் இடிக்கவில்லை. இடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

1991இல் யுகோஸ்லாவியா உடைந்தபோது ஊர் மீண்டும் முற்றுகைக்கு உள்ளானது. டிசம்பர் 6 அன்று, உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தப் பழைய நகருக்குள் குண்டுகள் மதிலைத் தாண்டி விழுந்தன. பிறகு பழுதுபார்த்துக் கட்டினார்கள்.

அந்த மாணவனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். எங்காவது இதைப் படித்தால்: தம்பி, அன்று நான் சொன்னது தவறு. மதில் எதிரியைக் கொஞ்ச காலம் வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். நானூற்றைம்பது ஆண்டு அந்த ஊரைக் காத்தது அதற்குள் இருந்தவர்களின் நிதானமும், யாருக்கும் அளவுக்கு மேல் அதிகாரம் கொடுக்காத விதிகளும்.