கச்சேரி நாடாக்களும் அவற்றின் ஒலித்தரமும்

கர்நாடக இசைக் கச்சேரிகளை ரசிகர்களும் சபாக்காரர்களும் வித்வான்களின் சீடர்களும் தாங்களாகவே பதிந்து வைத்த ஒலிநாடாக்களே கச்சேரி நாடாக்கள். ஸ்டூடியோவில் எடுத்து விலைக்கு விற்ற இசைத்தட்டுகள் இதில் சேரா. இருபதாம் நூற்றாண்டின் பெரிய வித்வான்கள் மேடையில் உண்மையில் எப்படிப் பாடினார்கள், வாசித்தார்கள் என்பதற்கு இன்று கிடைக்கும் முதன்மைச் சாட்சி இந்த நாடாக்கள்தாம்.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் முதல் கிருதியைத் திருத்தணி முருகன் சன்னிதியில் பாடினார் என்பது மரபு. அந்தக் குரல் காற்றோடு போயிற்று. பாடாந்தரம் மட்டும் சீடர்கள் வழியே இறங்கி வந்தது. 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் அக்கிருதிகள் ஸ்வரக் குறிப்போடு அச்சேறின. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1902-இல், கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்துவிட்டிருந்தார். ஆனால் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆலாபனையும் நிரவலும் தனி ஆவர்த்தனமுமாக மூன்று நான்கு மணி நேரம் விரியும் கச்சேரியை அதில் அடக்க வழியில்லை. வித்வான்கள் ராகத்தைச் சுருக்கி, காலத்தை விரைவாக்கிப் பாடினார்கள். அந்தத் தட்டுகளை மட்டும் கேட்டு ஒருவரின் சங்கீதத்தை எடைபோடுவது அநியாயம்.

இந்தத் தடையை நீக்கியது காந்த நாடா. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935-இல் அறிமுகப்படுத்திய கருவியின் வழிவந்த குருண்டிக், பிலிப்ஸ் போன்ற ஸ்பூல் ரெக்கார்டர்கள் பின்னாளில் வசதியுள்ள ரசிகர் வீடுகளுக்கும் வந்தன. ஏழு அங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா பிடிக்கும். நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடவிட்டால் ஒரு பக்கம் 32 நிமிடம். மூன்றேமுக்கால் அங்குலத்தில் 64 நிமிடம். வேகம் கூடினால் மேல்ஸ்தாயி நாதம் தெளிவாக விழும். ஆனால் நாடா விலை அதிகம். ஆகவே பலர் குறைந்த வேகத்தையே தேர்ந்தார்கள். அந்தச் சிக்கனத்தின் விலையைத் தம்பூராவின் மீட்டொலியில் இன்றும் கேட்கலாம்.

நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956-இலும், பாடகர்களான ஜி.என். பாலசுப்பிரமணியம் 1965-இலும், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-இலும், மதுரை மணி ஐயர் 1968-இலும் மறைந்தார்கள். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்ததே 1963-இல்தான். நம் ஊர் வீடுகளில் அது பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின. எனவே இந்நால்வரின் மேடை இசைக்கு ஸ்பூலையும் வானொலியையும் விட்டால் வேறு ஆதாரம் அரிது.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. இசைக்கான தேசிய நிகழ்ச்சி 1952-இல் வந்தது. வானொலிப் பெட்டியிலிருந்து நேரே நாடாவில் பிடித்த பதிவுகள் ஏராளம். அவற்றின் குறைகளும் ஒரே மாதிரியானவை. மத்திய அலை ஒலிபரப்பு சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கொண்டுவராது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் மழுங்கும். வயலினின் மேல்ஸ்தாயி மெலியும். சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டரில் உள்ள திருத்தணி போன்ற ஊர்களில் பகலில் அந்நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலை தெளிவாகக் கேட்கும். இருட்டிய பின் மத்திய அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் தொலைதூர நிலையங்கள் குறுக்கிடும். முக்கியமான கச்சேரிகள் பெரும்பாலும் இரவில்தான் ஒலிபரப்பாயின. 1977 ஜூலை 23-இல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கிய பிறகு பிடித்த பதிவுகளில் நாதம் முழுமையாக இருக்கிறது. ஆனால் அதற்குள் மேற்சொன்ன நால்வருமே இல்லை.

சபையில் நேரே எடுத்தவை இரு வகை. ஒன்று, ஒலிபெருக்கியின் மிக்ஸரிலிருந்து கம்பி இழுத்துப் பதிந்தது. மற்றொன்று, ரசிகர் தம் இருக்கையில் வைத்த மைக்கில் பதிந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ராக் இசை ரசிகர்களிடையே இவ்விரண்டையும் ஒப்பிடும் விவாதம் பழையது. அங்கே 1969-இல் வெளிவந்த பாப் டிலனின் ‘கிரேட் ஒயிட் ஒண்டர்’ என்னும் அனுமதியற்ற தட்டிலிருந்து இந்த வகைச் சேகரிப்பு பெருகியது. கிரேட்ஃபுல் டெட் குழு 1984-இல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. மிக்ஸர் பதிவே மேல் என்பது அங்கே பரவலான எண்ணம். நம் கச்சேரிக்கு அது அப்படியே பொருந்தாது. அரங்கில் இயல்பாகவே உரக்கக் கேட்கும் மிருதங்கத்துக்கு மிக்ஸரில் அளவைக் குறைத்திருப்பார்கள். கம்பி வழியே வந்த பதிவில் மிருதங்கம் எங்கோ தூரத்தில் கேட்கும், பாடகர் காதருகே கேட்பார். மூன்றாம் வரிசையில் நல்ல மைக்குடன் உட்கார்ந்தவரின் நாடாவில் இருமலும் மின்விசிறியும் இருக்கும். கூடவே கச்சேரியின் சமநிலையும், ‘பலே’ விழுந்த இடமும் இருக்கும். என் தீர்ப்பு அந்த நாடாவுக்கே சாதகம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் மைக் இல்லாத கச்சேரிகளை வற்புறுத்தியதும் இந்த இயல்பான சமநிலைக்காகத்தான்.

நாகஸ்வரம் தனிக் கதை. திறந்த வெளிக்கென்று பிறந்த அதன் வீச்சை வீட்டு ரெக்கார்டரின் மைக் தாங்காது; நாதம் கிழிந்து பதியும். திருத்தணியில் ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு நடக்கும் படித் திருவிழாவில் 365 படிகளிலும் பாடியபடி ஏறும் பஜனைக் கோஷ்டியைப் பதிவதும் இவ்வளவு சிரமமே. ஓரிடத்தில் நிற்கும் மைக்கை விட்டுப் பாட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்.

கேசட் வந்தபின் பதிவுகள் பல மடங்காயின, தரம் தாழ்ந்தது. நாடாவின் வேகம் நொடிக்கு ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. கையடக்க ரெக்கார்டர்களின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு பெரிய சேதம் செய்தது: மிருதங்கத்தில் ஓர் அடி விழுந்ததும் பாட்டு அமிழும், பாடகர் மூச்சு வாங்கும்போது விசிறிச் சத்தம் எழும்பும். 45 நிமிடத்தில் பக்கம் முடியும், தானம் உச்சத்தில் நிற்கும்போது! பின்பு நகல். முதல் நகலிலேயே இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும். கைமாறி வந்த ஐந்தாவது நகலில் தம்பூராவையும் இரைச்சலையும் பிரித்தறிய முடியாது.

ஒப்பிட்டுப் பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது சுருதி. நாடாவின் வேகம் 6 விழுக்காடு பிசகினால் சுருதி அரைக் கட்டை மாறும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென அமைந்த சில அமெரிக்கக் கருவிகள் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். சரியான வேகத்தில் பதிந்த நாடாவை அவற்றில் ஓட்டினால் 5 கட்டையில் பாடிய பாடகி 3 கட்டையில் பாடுவதாகக் கேட்கும். பாடகரின் வழக்கமான கட்டை தெரிந்திருந்தால் பிழையைத் திருத்திவிடலாம். நாடாவில் பதிந்த மின்சார ரீங்காரத்தை 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப் பார்ப்பது இன்னொரு வழி. அக்கால மின்சாரமே தடுமாறியது என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

கணினியால் இரைச்சல் நீக்கும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. மாறாமல் ஒலிப்பதை இரைச்சல் என்று கொள்ளும் மென்பொருள் தம்பூராவையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. கேட்கச் சுத்தமாக இருக்கும். சுருதியின் மடி போய்விடும். இரைச்சலோடு உள்ள மூலமே எனக்கு உயர்ந்த பதிவு.

பதிப்புரிமைச் சட்டத்தில் கலைஞர்களின் உரிமை 1994 திருத்தத்தால் வந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கும் உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பதிவதை அது தடுக்கவில்லை. விற்பது வேறு விஷயம். மியூசிக் அகாடமியின் டாக் ஒலிக் காப்பகத்தில் பழைய கச்சேரிகளை அங்கேயே அமர்ந்து கேட்கலாம்.

வீட்டுப் பரணில் தாத்தாவின் ஸ்பூல்கள் இருந்தால் பழைய கருவியில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த நாடா ஒரே ஓட்டத்தில் உரிந்து போகும். தெரிந்தவரிடம் கொடுத்து 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் மூலத்திலிருந்தே கணினிக்கு மாற்றுங்கள். திருத்திய பிரதி எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், திருத்தாத பிரதி ஒன்றைத் தனியே வையுங்கள். அட்டைப் பெட்டியின் மேல் எழுதிய தேதி, சபா, பக்கவாத்தியக்காரர் பெயர்களையும் படமெடுத்துச் சேர்த்து வையுங்கள்.